டைமர் ரிலே: வாங்கும் முன் கேட்க வேண்டிய மூன்று கேள்விகள்

மின்சாதனக் கடையில் போய் “மோட்டாருக்கு ஒரு டைமர் கொடுங்கள்” என்று கேட்டால், கடைக்காரர் கைக்கு எட்டியதை எடுத்துக் கொடுத்துவிடுவார். அவர் மேல் குற்றம் இல்லை. ஒரே அளவு, ஒரே நிறம், மேலே ஒரே மாதிரி திருகு உள்ள இரண்டு டைமர்கள் நேர் எதிரான வேலை செய்யும். ஒன்று ஐந்து நிமிடம் கழித்து ஆன் செய்யும். மற்றது ஐந்து நிமிடம் கழித்து ஆஃப் செய்யும். தவறான டைமரை மாட்டினால் பொருள் வாங்கிய பணம் வீணாவதோடு போகாது. போர்வெல் மோட்டார் எரியலாம், மாவு மில் நாள்கணக்கில் நிற்கலாம், தானாக ஓடத் தொடங்கிய இயந்திரத்தில் ஒருவர் கை சிக்கலாம்.

வீட்டுக்குப் பொருள் வாங்குபவர்கள், சிறு பட்டறை நடத்துபவர்கள், ஐடிஐயில் எலக்ட்ரீஷியன், வயர்மேன் பிரிவுகளில் படிக்கும் நம் பிள்ளைகள் ஆகிய மூவருக்கும் பயன்படும் வகையில் இந்தப் பாடத்தைத் தருகிறோம்.

ரிலே என்றால் என்ன?

சுவரில் உள்ள சுவிட்சை நாம் விரலால் தட்டுகிறோம். ரிலே என்பது மின்சாரமே தட்டும் சுவிட்ச். அதற்குள் ஒரு காயில் இருக்கும். காயிலுக்குக் கரண்ட் கிடைத்ததும் அது காந்தமாகி, பக்கத்தில் உள்ள தொடர்புத் தகட்டை இழுக்கும். அந்தத் தகட்டைத்தான் கான்டாக்ட் என்கிறோம். சும்மா இருக்கும்போது திறந்திருந்து, இழுத்ததும் மூடும் கான்டாக்டை ‘நார்மலி ஓப்பன்’ என்றும், சும்மா இருக்கும்போது மூடியிருந்து, இழுத்ததும் திறப்பதை ‘நார்மலி குளோஸ்டு’ என்றும் சொல்வார்கள்.

சாதாரண ரிலே உடனே இழுக்கும், உடனே விடும். டைம் ரிலே மட்டும் நாம் சொன்ன நேரத்தை எண்ணிவிட்டு அந்த வேலையைச் செய்யும். பழைய பேனல்களில் காற்றுப் பை மெல்ல நிரம்பி நேரம் எண்ணும் நியூமேட்டிக் டைமர்களும், சிறு மோட்டாரும் பற்சக்கரமும் கொண்ட டைமர்களும் இன்னும் இருக்கின்றன. இப்போது கடைகளில் பெரும்பாலும் கிடைப்பவை எலக்ட்ரானிக் டைமர்கள்.

மூன்று கேள்விகள்

கடைக்குப் போகும் முன் ஒரு தாளில் இந்த மூன்றுக்கும் பதில் எழுதுங்கள்.

1. எந்த நொடியிலிருந்து நேரத்தை எண்ண வேண்டும்? கரண்ட் வந்ததிலிருந்தா, ஒரு பொத்தானை அழுத்தியதிலிருந்தா, ஒரு சுவிட்சை அணைத்ததிலிருந்தா?

2. எண்ணி முடித்ததும் என்ன நடக்க வேண்டும்? ஆன் ஆக வேண்டுமா, ஆஃப் ஆக வேண்டுமா, மாறி மாறி நடந்துகொண்டே இருக்க வேண்டுமா?

3. நடுவில் கரண்ட் போய் வந்தால் என்ன நடக்க வேண்டும்? மறுபடி முதலிலிருந்து எண்ணலாமா, கூடாதா?

முதல் இரண்டு கேள்விகள் டைமரின் வகையைச் சொல்லிவிடும். மூன்றாவது கேள்வியைத்தான் பலரும் கேட்பதில்லை. கரண்ட் கட் பழகிப்போன நம் ஊர்களில் மோட்டாரைக் காப்பதும் கெடுப்பதும் பல நேரம் அந்த மூன்றாவது கேள்விதான்.

1. ஆன் டிலே: பொறுத்திருந்து தொடங்குவது

டைமருக்குக் கரண்ட் கிடைத்ததும் எண்ணத் தொடங்கும். எண்ணி முடித்த பிறகே கான்டாக்ட் மாறும். கரண்ட் போனால் உடனே பழைய நிலைக்கு வந்துவிடும்.

நம் வீட்டில் இதற்கு நல்ல உதாரணம் பிரிட்ஜ், ஏசி. கம்ப்ரசர் ஓடும்போது குழாயின் ஒரு பக்கம் வாயு அழுத்தம் மிகுதியாகவும், மறுபக்கம் குறைவாகவும் இருக்கும். கரண்ட் போய் சில விநாடிகளில் திரும்பி வந்தால், அந்த அழுத்தம் சமமாகாத நிலையிலேயே கம்ப்ரசர் மோட்டார் சுற்ற முயலும். சுற்ற முடியாமல் நின்றபடி பல மடங்கு கரண்டை இழுக்கும். மோட்டார் சூடாகி ஓவர்லோடு விழும். இப்படியே பல முறை நடந்தால் காயில் கெட்டுப்போகும். மூன்று முதல் ஐந்து நிமிடம் பொறுத்துத் தொடங்கினால் அழுத்தம் சமமாகிவிடும். ஸ்டெபிலைசரில் ‘டிலே’ என்று விளக்கு எரிவது இதற்காகத்தான். “கரண்ட் வந்தும் ஏசி ஓடவில்லையே” என்று அவசரப்பட்டு அதை மாற்றிப் போடச் சொல்லாதீர்கள்.

மூன்றாவது கேள்வியை இங்கே கேட்டுப் பார்ப்போம். நடுவில் மறுபடி கரண்ட் போனால் முதலிலிருந்து எண்ண வேண்டும். ஆன் டிலே அப்படித்தான் செய்யும். இந்த வேலைக்கு அது பொருத்தமானது.

2. ஆஃப் டிலே: அணைத்த பிறகும் ஓடுவது

சுவிட்சைப் போட்டதும் கான்டாக்ட் உடனே மூடும். சுவிட்சை அணைத்த பிறகுதான் எண்ணத் தொடங்கும். எண்ணி முடித்ததும் திறக்கும். குளியலறை விளக்கோடு எக்ஸாஸ்ட் விசிறியும் ஓடி, விளக்கை அணைத்த பின் பத்து நிமிடம் ஓடி நிற்க வேண்டுமென்றால் இதுதான் தேவை.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. சாதாரண ஆஃப் டிலே டைமருக்கு நிரந்தரமாக ஒரு சப்ளையும், தனியாக ஒரு சிக்னல் வயரும் தேவை. விளக்கு சுவிட்ச் வழியாகவே சப்ளையையும் கொடுத்துவிட்டால், விளக்கை அணைத்ததும் டைமரும் செத்துவிடும், விசிறியும் நின்றுவிடும். “டைமர் பழுது” என்று திருப்பிக் கொடுக்க வரும் பல டைமர்களில் உண்மையில் பழுது இருக்காது. சப்ளை முழுவதும் போன பிறகும் எண்ண வேண்டிய இடங்களுக்கு ‘ட்ரூ ஆஃப் டிலே’ என்று தனி வகை உண்டு. தேவை எது என்று கேட்டு வாங்க வேண்டும்.

3. இன்டர்வல்: இத்தனை நேரம் மட்டும்

கரண்ட் கிடைத்ததும் உடனே ஆன் ஆகும். குறித்த நேரம் முடிந்ததும் ஆஃப் ஆகும். சம்ப்பிலிருந்து மேல்நிலைத் தொட்டிக்கு இருபது நிமிடம் மட்டும் தண்ணீர் ஏற்ற இதைப் போடுகிறார்கள். அடுக்குமாடிக் குடியிருப்பின் படிக்கட்டு விளக்கும் இந்த இனம்தான். பொத்தானை அழுத்தினால் சில நிமிடம் எரிந்து தானே அணையும். அதற்கென்றே ‘ஸ்டேர்கேஸ் டைமர்’ தனியாகக் கிடைக்கிறது.

தொட்டிக்கு மூன்றாவது கேள்வியைக் கேளுங்கள். பதினைந்தாவது நிமிடத்தில் கரண்ட் போய், பிறகு வந்தால் சாதாரண இன்டர்வல் டைமர் மறுபடி இருபது நிமிடம் ஓட்டும். ஐந்து நிமிடத்தில் நிரம்ப வேண்டிய தொட்டி, மீதிப் பதினைந்து நிமிடமும் தெருவில் வழியும். ஆகவே தொட்டிக்கு டைமர் மட்டும் போதாது. தண்ணீர் மட்டத்தை அறியும் ஃப்ளோட் சுவிட்ச் முதல் காவலாக இருக்கட்டும். டைமர் இரண்டாவது காவலாக இருக்கட்டும்.

4. சைக்ளிக்: ஓடி ஓய்ந்து ஓடுவது

குறித்த நேரம் ஓடும், குறித்த நேரம் நிற்கும், மறுபடி ஓடும். ஓட்டமும் ஓய்வும் சம அளவாக உள்ளவை உண்டு. இரண்டையும் தனித்தனியாக வைக்கக்கூடியவையும் உண்டு.

ஊற்று குறைந்த போர்வெல்லுக்கு இது உதவும். பதினைந்து நிமிடம் இறைத்தால் தண்ணீர் இறங்கிவிடுகிறது, மறுபடி ஊற முக்கால் மணி நேரம் ஆகிறது என்றால், பதினைந்து நிமிடம் ஓட்டம், நாற்பத்தைந்து நிமிடம் ஓய்வு என்று வைக்கலாம். இதற்கு ஓட்டத்தையும் ஓய்வையும் தனித்தனியாக வைக்கும் வகைதான் வேண்டும்.

இங்கே மூன்றாவது கேள்வி மிக முக்கியம். சைக்ளிக் டைமர்களில் கரண்ட் வந்ததும் முதலில் ஓட்டத்தைத் தொடங்குபவை உண்டு. முதலில் ஓய்வைத் தொடங்குபவையும் உண்டு. ஓய்வின் பத்தாவது நிமிடத்தில் கரண்ட் போய் வந்தால், முதல் வகை உடனே மோட்டாரை ஓட்டிவிடும். கிணற்றில் தண்ணீர் ஊறியிருக்காது. நீர்மூழ்கி மோட்டார் தன்னைச் சுற்றியுள்ள தண்ணீரால்தான் குளிர்கிறது. தண்ணீர் இல்லாமல் ஓடினால் சூடேறி எரியும். ஆகவே இப்படிப்பட்ட போர்வெல்லுக்கு ‘முதலில் ஓய்வு’ வகையைக் கேட்டு வாங்குங்கள். அதோடு ‘டிரை ரன்’ பாதுகாப்பும் வேண்டும். கிணற்றில் தண்ணீர் இருக்கிறதா என்பது டைமருக்குத் தெரியாது. அதற்குத் தெரிந்தது நேரம் மட்டும்தான். கோடையில் ஊற்று இன்னும் குறைந்தாலும் அது வைத்த கணக்கின்படியே ஓட்டும்.

5. ஸ்டார் டெல்டா டைமர்

மாவு மில், மர அறுவைப் பட்டறை, பெரிய பம்பு செட் ஆகிய இடங்களில் த்ரீ பேஸ் மோட்டாரை நேரடியாக ஓட்டினால் தொடக்கத்தில் பல மடங்கு கரண்ட் இழுக்கும். உதாரணமாக, ஓடும்போது 15 ஆம்பியர் எடுக்கும் மோட்டார், நேரடித் தொடக்கத்தில் ஆறு மடங்கு இழுத்தால் 90 ஆம்பியர். அதையே ஸ்டார் இணைப்பில் தொடங்கினால் லைன் கரண்ட் மூன்றில் ஒரு பங்காக, அதாவது சுமார் 30 ஆம்பியராகக் குறையும். மோட்டாரின் சுழற்று விசையும் மூன்றில் ஒரு பங்காகக் குறையும் என்பதை மறக்கக் கூடாது. ஆகவே பாரம் ஏற்றாமல் தொடங்கி, வேகம் பிடித்த பிறகு டெல்டாவுக்கு மாற்ற வேண்டும். அந்த மாற்றத்தைச் செய்வதுதான் இந்த டைமர்.

இதற்குச் சாதாரண ஆன் டிலே டைமரைப் போட்டுச் சமாளிப்பவர்கள் உண்டு. ஸ்டார் டெல்டாவுக்கென்று வரும் டைமரில் கூடுதலாக ஒரு வசதி இருக்கிறது. ஸ்டாரை விட்டதும், டெல்டாவைப் போடும் முன், கண்சிமிட்டும் நேரத்துக்கும் குறைவான ஓர் இடைவெளி விடும். அதற்குள் ஸ்டார் கான்டாக்டரில் எழும் தீப்பொறி அணைந்துவிடும். அந்த இடைவெளி இல்லாமல் இரண்டு கான்டாக்டரும் ஒரே நேரத்தில் மூடினால் பேஸும் பேஸும் மோதும். பேனல் வெடிப்பதற்கு அது போதும். டைமர் எதுவானாலும் இரண்டு கான்டாக்டருக்கும் இடையே இன்டர்லாக் கட்டாயம் இருக்க வேண்டும்.

எத்தனை விநாடி வைப்பது? ஊருக்கெல்லாம் ஒரே கணக்குக் கிடையாது. ஆம்பியர் மீட்டரைப் பாருங்கள். தொடக்கத்தில் எகிறிய முள் இறங்கி, ஓரிடத்தில் நிலைக்க எத்தனை விநாடி ஆகிறதோ, அதற்குச் சற்றுக் கூடுதலாக வையுங்கள். அவசரமாக மாற்றினால் டெல்டாவில் கரண்ட் மறுபடி எகிறும். ஸ்டாரில் தொடங்கிய பயன் போய்விடும். தேவைக்கு மேல் ஸ்டாரிலேயே ஓடவிட்டு அதில் பாரம் ஏற்றினால் மோட்டார் திணறிச் சூடாகும்.

6. டைம் சுவிட்ச்: கடிகாரம் பார்த்து இயங்குவது

இது ரிலே டைமரிலிருந்து வேறானது. “இத்தனை நிமிடம் கழித்து” என்று கணக்கிடாமல், “இத்தனை மணிக்கு” என்று இயங்கும். வாசல் விளக்கு, தெருவிளக்கு, கடைப் பலகை விளக்குக்கு ஏற்றது. ஒரு நாள் கணக்கு, வாரக் கணக்கு என இரண்டும் கிடைக்கின்றன.

பேட்டரி இல்லாத பழைய வகையில் கரண்ட் போனால் கடிகாரமும் நின்றுவிடும். இரண்டு மணி நேரம் கரண்ட் இல்லையென்றால் மாலை ஆறரைக்கு எரிய வேண்டிய விளக்கு எட்டரைக்குத்தான் எரியும். ஆகவே உள்ளே பேட்டரி உள்ளதைக் கேட்டு வாங்குங்கள்.

மற்றொன்றும் உண்டு. மக்ரிப் நேரம் ஆண்டு முழுவதும் ஒரே மணியில் இருப்பதில்லை என்பது நம் வீட்டுச் சுவரில் தொங்கும் கால அட்டவணையைப் பார்த்தாலே தெரியும். சென்னையில் நவம்பர் கடைசியில் சூரியன் மறையும் நேரத்துக்கும், ஜூலை தொடக்கத்தில் மறையும் நேரத்துக்கும் ஏறக்குறைய ஒரு மணி நேர வித்தியாசம் இருக்கிறது. ஒரே மணியில் வைத்துவிட்டால் ஒரு பருவத்தில் வெளிச்சத்திலேயே விளக்கு எரியும். மற்றொரு பருவத்தில் இருட்டிய பிறகும் எரியாது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை நேரத்தை மாற்றி வைக்கலாம். அல்லது ஊரின் இருப்பிடத்தைப் பதிவு செய்தால் சூரிய அஸ்தமனத்தைத் தானே கணக்கிடும் ‘ஆஸ்ட்ரோ’ வகையை வாங்கலாம்.

வகை தெரிந்த பிறகு பார்க்க வேண்டியவை

*நேர அளவு.* தேவைப்படும் நேரம் டயலின் நடுப்பகுதியில் வருமாறு வாங்குங்கள். டைமரின் பிழையைப் பலர் முழு அளவின் சதவீதமாகக் கொடுத்திருப்பார்கள். பத்து நிமிட டயலில் 5 சதவீதப் பிழை என்றால் 30 விநாடி. அதில் ஒரு நிமிடம் வைத்தால் அரை நிமிடத்திலும் முடியலாம், ஒன்றரை நிமிடத்திலும் முடியலாம். எட்டு விநாடி தேவைப்படும் இடத்தில் பத்து மணி நேர டைமரை வாங்கி வைப்பது, ஒரு சிட்டிகை உப்பை மூட்டைத் தராசில் நிறுப்பது போன்றது.

*சப்ளை வோல்டேஜ்.* டைமரின் பக்கவாட்டில் ஏ1, ஏ2 என்று குறித்திருக்கும் இரண்டு முனைகளுக்கு எத்தனை வோல்ட் என்று எழுதியிருப்பார்கள். சில த்ரீ பேஸ் ஸ்டார்ட்டர்களில் கன்ட்ரோல் வயரிங் இரண்டு பேஸுக்கு நடுவே, 415 வோல்ட்டில் இருக்கும். அங்கே 230 வோல்ட் டைமரை இணைத்தால் அந்த நொடியே எரிந்துவிடும். மீட்டர் வைத்து அளந்த பிறகே வாங்க வேண்டும். லோ வோல்டேஜ் உள்ள பகுதிகளில், அகலமான வோல்டேஜ் எல்லைக்குள் இயங்கும் டைமர் நல்லது.

*கான்டாக்ட் தாங்கும் கரண்ட்.* டைமரில் ‘5 ஆம்பியர்’ என்று எழுதியிருப்பது பெரும்பாலும் ஹீட்டர் போன்ற சாதாரண பாரத்துக்கானது. மோட்டாருக்கும் கான்டாக்டர் காயிலுக்கும் அது குறையும். ‘ஏசி-15’ என்று தனியாகக் கொடுத்திருக்கும் எண்ணைப் பார்க்க வேண்டும். ஒரு குதிரைத்திறன் என்பது 746 வாட். சிங்கிள் பேஸில் ஒரு குதிரைத்திறன் மோட்டார் ஓடும்போதே 5 ஆம்பியரைத் தாண்டும். தொடக்கத்தில் பல மடங்கு இழுக்கும். அந்தக் கரண்டை டைமர் வழியாக விட்டால் கான்டாக்ட் ஒட்டிக்கொள்ளும். ஒட்டிவிட்டால் நேரம் முடிந்தாலும் மோட்டார் நிற்காது. ஆகவே டைமர் கான்டாக்டரின் காயிலை மட்டும் இயக்கட்டும்; மோட்டாரின் பாரத்தைக் கான்டாக்டர் சுமக்கட்டும். நிறைய எல்.இ.டி. விளக்குகளுக்கும் இதே விதிதான். போடும் நொடியில் அவையும் மிகுதியாக இழுக்கும்.

*முனைகளும் சாக்கெட்டும்.* பேனலில் மாட்டும் டைமர்களில் 15 பொது முனை. 15-16 மூடியிருக்கும் கான்டாக்ட், 15-18 திறந்திருக்கும் கான்டாக்ட். எட்டுக் கால் சாக்கெட்டில் பொதுவாக 2, 7 சப்ளை. பதினொரு கால் சாக்கெட்டில் பொதுவாக 2, 10 சப்ளை. பழைய டைமரை மாற்றும்போது கால் பொருந்துகிறது என்பதற்காக மட்டும் மாட்டாதீர்கள். டைமரின் பக்கத்தில் அச்சிட்டிருக்கும் படத்தைப் படித்த பிறகே இணைக்க வேண்டும்.

*தரம்.* டைம் ரிலேக்களுக்கான சர்வதேசத் தரநிலை ஐஇசி 61812-1. விலை மலிவாக, வோல்டேஜோ வயரிங் படமோ அச்சிடாமல் வரும் டைமரை வாங்க வேண்டாம்.

பாதுகாப்பு

டைமர் மோட்டாரை நிறுத்தியிருக்கிறது என்றால் மோட்டாரில் மின்சாரம் இல்லை என்று பொருள் அல்ல. அது எண்ணிக்கொண்டிருக்கலாம். அடுத்த நொடி ஓடலாம். பெல்ட்டை மாற்றும் முன், அரவைக் கல்லைத் துடைக்கும் முன், பம்பில் கை வைக்கும் முன் மெயின் சுவிட்சை இறக்குங்கள்; பியூஸ் கேரியரைக் கழற்றிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்; டெஸ்டர் வைத்துப் பாருங்கள். டைமர் உள்ள ஒவ்வோர் இயந்திரத்தின் அருகிலும் “தானாக ஓடத் தொடங்கும்” என்று பலகை வையுங்கள். மில்லிலும் பட்டறையிலும் குழந்தைகள் விளையாடும் பழக்கம் இருந்தால் அதை நிறுத்துங்கள்.

டைமர் ஷாக்கிலிருந்து காப்பாற்றாது. அதற்கு நல்ல எர்த்திங்கும், கசிவு மின்சாரத்தில் விழும் பிரேக்கரும் வேண்டும். ஓவர்லோடு ரிலேயின் வேலையையும் டைமர் செய்யாது. ஒன்றுக்குப் பதில் மற்றொன்று என்று செலவைக் குறைக்கப் பார்ப்பது பிறகு பெரிய செலவில் முடியும். இணைப்பு வேலையை உரிமம் பெற்றவரிடமே கொடுங்கள்.

மாணவர்களுக்கு ஒரு பயிற்சி

பயிற்சியாளர் முன்னிலையில், பாதுகாப்பு பிரேக்கர் உள்ள பலகையில், டைமரின் 15-16 கான்டாக்டில் ஒரு விளக்கும், 15-18 கான்டாக்டில் மற்றொரு விளக்கும் இணைத்துப் பாருங்கள். பத்து விநாடி வையுங்கள். சப்ளை கொடுத்ததும் எந்த விளக்கு எரிகிறது, பத்து விநாடிக்குப் பின் எது எரிகிறது என்று எழுதுங்கள். பிறகு ஐந்தாவது விநாடியில் சப்ளையை எடுத்துக் கொடுத்து, எங்கிருந்து எண்ணுகிறது என்று பாருங்கள். எல்லா வகை டைமருக்கும் இதைச் செய்து பார்த்த மாணவன், முன்பின் பார்க்காத பேனலைத் திறந்தாலும் மிரளமாட்டான்.

கடைக்குக் கொண்டுபோக வேண்டிய சீட்டு

வேலை: ஊற்று குறைந்த போர்வெல். எண்ணத் தொடங்குவது: கரண்ட் வந்ததும். நடக்க வேண்டியது: 45 நிமிடம் ஓய்வு, 15 நிமிடம் ஓட்டம், மாறி மாறி. கரண்ட் போய் வந்தால்: முதலில் ஓய்வு. சப்ளை: 230 வோல்ட். இயக்குவது: கான்டாக்டர் காயில்.

இப்படி ஒரு சீட்டைக் கொடுத்தால் கடைக்காரருக்கும் வேலை எளிது, எலக்ட்ரீஷியனுக்கும் குழப்பம் இல்லை. உங்கள் வீட்டு மோட்டாருக்கோ விளக்குக்கோ எது தேவையோ, அதற்கு ஏற்றபடி இந்த ஆறு வரிகளையும் மாற்றி எழுதிக்கொள்ளுங்கள். எழுத முடியாமல் ஏதாவது ஒரு வரி நின்றால், அந்த வரிக்குப் பதில் கிடைக்கும் வரை டைமர் வாங்குவதைத் தள்ளி வையுங்கள்.